கொக்கி ஊசி

ஏப்ரல் 26, சனி

கனிஷ்கா இன்று தானாக வந்து என்னிடம் பேசினாள். கல்யாணமாகி நான் இந்தப் பொள்ளாச்சி வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இவருடைய முதல் தாரத்துப் பெண் அவள், பதிமூன்று வயது. கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர, தானாக ஒரு வார்த்தை வந்ததில்லை. இன்று நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து அவளும் நாலைந்து உரித்தாள். அப்புறம், “லீவுல நாம ரெண்டு பேரும் சேந்து ஏதாச்சும் கைவேலை கத்துக்கலாங்களா? ஊசி நூல் வேலை மாதிரி?” என்றாள்.

“நாம ரெண்டு பேருமா?”

“ஆமா. தனியா செஞ்சா போரடிக்கும்.”

தனியாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். அறைக் கதவைச் சாத்தினால் சாப்பாட்டுக்குத்தான் திறப்பாள். இத்தனை நாள் முகம் கொடுக்காத பிள்ளை திடீரென்று வெங்காயம் உரித்துத் தருகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சிரித்தார். “நல்லதுதான. நீ கூடவே இரு, வல்லி. அவளுக்கு அவங்க அம்மா புத்தி கொஞ்சம் இருக்கு. ஒரு கண்ணு வெச்சுக்க” என்றார். அவள் அம்மா, பூங்கொடி, பிள்ளை ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போதே விட்டுவிட்டு யாரோடோ பெங்களூருக்குப் போனவள். அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லையாம். அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

எதைக் கற்பது என்று காலையெல்லாம் பேச்சு. பக்கத்து வீட்டு ஜோதிமணி அக்கா ஆரி வேலை வகுப்பு நடத்துகிறார். கல்யாண ரவிக்கைக்குப் பாசியும் ஜமிக்கியும் வைத்துத் தைக்கிற வேலை. நமக்கென்றால் காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு, இந்தப் பக்கம் வீடு. இதைவிட வசதி உண்டா?

கனிஷ்கா வேண்டாம் என்றாள். “அதுக்குப் பெரிய ஸ்டாண்டு வேணும். புதுசா கத்துக்கறவங்களுக்குக் கஷ்டம்.”

“அக்கா பக்கத்துலயே இருந்து சொல்லித் தருவாங்களே?”

“அதான் வேண்டாம்ங்கறேன்.”

அது என்ன பதில்? ஜோதிமணி அக்காவிடம் சொன்னபோது அவரும் வருத்தப்படவில்லை. “கொழந்தைக்கு எது புடிக்குதோ அதச் செய்யட்டும், அம்மிணி. அவங்க அம்மாகூட...” என்று ஆரம்பித்து, அடுப்பில் பால் வைத்திருப்பதாக உள்ளே போய்விட்டார். பால் வாசனை ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பதினோரு மணிக்கு இவர் லேண்ட்லைனில் கூப்பிட்டபோது மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், எடுக்க முடியவில்லை. தேங்காய் நார்க் கம்பெனியில் லோடு ஏற்றுகிற நேரம், அதை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அவ்வளவு அக்கறை.

மே 2, வெள்ளி

கை எம்பிராய்டரி செய்து பார்த்தோம். ஒரு வட்டச் சட்டம், இரண்டு கைக்குட்டை, நாலு கலர் நூல், யூடியூபில் ஒரு பாடம். கல்யாணத்துக்கு முன் கோவில்பட்டியில் லேபில் ரத்தம் எடுத்துப் பழகிய கை எனக்கு, ஊசி நடுங்காது. சங்கிலித் தையலில் ஒரு இலை போட்டுவிட்டேன். அவள் விரலைக் குத்திக்கொண்டு, “இது சரிப்படாது” என்று வைத்துவிட்டாள். ஒரே ஒரு குத்து. ரத்தம்கூட வரவில்லை.

என் செல்போன் இன்னும் ரிப்பேரில்தான் இருக்கிறது. பார்ட்ஸ் கிடைக்கவில்லையாம். பங்குனியில் கொடுத்தது. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் இவர் வந்த பிறகு இவர் போனில் பேசிக்கொள்கிறேன். இவரும் கூடவே உட்கார்ந்து விசாரிப்பார்.

மே 5, திங்கள்

கிராஸ் ஸ்டிட்ச். கட்டம் போட்ட துணியில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போனால் படம் வந்துவிடுகிறது. பொள்ளாச்சி கடைவீதியிலேயே துணி கிடைத்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் லேசு என்று கடைக்காரப் பெண்ணும் சொன்னாள்.

கனிஷ்கா ஒரு மணி நேரத்தில் ஒரு கிளியைப் போட்டு முடித்தாள். புதிதாகத் தைப்பவர்களின் துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். முடிச்சும் சிக்குமாக இருக்கும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. அவளுடையதில் ஒரு முடிச்சு இல்லை. நூலின் நுனியைத் தையலுக்கு அடியிலேயே விட்டு இழுத்திருக்கிறாள்.

“யார் சொல்லிக் கொடுத்தா?”

“ஸ்கூல்ல.”

“அப்ப எம்பிராய்டரியில மட்டும் விரலைக் குத்திக்கிட்டே?”

துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “இதுவும் போர்” என்றாள்.

தெரிந்த வேலையைத் தெரியாதது மாதிரி நடிக்கிறாள். எதற்கு? இவரிடம் சொல்ல வேண்டும்.

மே 7, புதன்

இப்போது குரோஷா. ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல் கண்டு. துணி வேண்டாம், சட்டம் வேண்டாம். “தப்பாப் போட்டாலும் நூல இழுத்தாப் போதும், அத்தனையும் அவுந்துரும். மறுபடி போட்டுக்கலாம். புதுசா கத்துக்கறவங்களுக்கு இதான் நல்லது” என்று பாடம் மாதிரி ஒப்பித்தாள்.

தன் டேப்லெட்டில் அதற்கு ஒரு வீடியோ வைத்திருக்கிறாள். ஏதோ நூல் கடைக்காரர்கள் போட்டது. முகம் தெரியாது. ஒரு பெண்ணின் இரண்டு கையும் குரலும் மட்டும். “முதல் முடிச்சு தளர்வா இருக்கட்டும், இறுக்காதீங்க” என்று அந்தக் குரல் சொல்கிறது. கனிஷ்கா அதையே திரும்பத் திரும்பப் போடுகிறாள். மத்தியானம் அவள் அறையைத் தாண்டிப் போனபோது எட்டிப் பார்த்தேன். வீடியோ ஓடுகிறது, அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டா பின்னல் கற்பார்கள்?

மே 8, வியாழன்

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. குரோஷாவுக்கு மொத்தமான காட்டன் நூல் வேண்டுமாம். பொள்ளாச்சியில் இருப்பதெல்லாம் மெல்லிசாம், புதிதாகப் பின்னுபவர்களுக்குக் கண்ணிகள் தெரியாதாம். கோயம்புத்தூர் ராஜ வீதிப் பக்கம் ஒரு சந்தில் கடை இருக்கிறதாம். சனிக்கிழமை போகலாமா என்கிறாள்.

ஆக, வாசலில் கிடைக்கிற ஆரி வேண்டாம். கடைவீதியில் கிடைக்கிற கிராஸ் ஸ்டிட்ச் வேண்டாம். பஸ் ஏறிப் போனால் கிடைப்பதுதான் வேண்டும். எனக்கும் அந்த வயசு இருந்தது. சந்துக்குள் நூல் கடை மட்டுமா இருக்கும்?

இவரிடம் அனுமதி கேட்டேன். கடைப்பேரைச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. எந்த பஸ், எப்போது திரும்புவோம் என்று கேட்டுக்கொண்டு சரி என்றார். தன்னுடைய பழைய பட்டன் போனைக் கொடுத்தார். அதில் இவர் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. தொலைந்து போனாலும் நஷ்டமில்லை என்றார்.

மே 10, சனி

உக்கடத்தில் இறங்கி ஆட்டோ. கனிஷ்கா வழி கேட்காமலே அந்தச் சந்துக்குக் கூட்டிப் போனாள். நூல் கடை சின்னதுதான். கூரை வரை கலர் கலராகக் கண்டுகள். எதிரில் செல்போன் கவர் விற்கிற கடை. அதில் சுருட்டை முடியோடு ஒரு பையன் நின்றிருந்தான். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

நூல் கடையில் ஒரு பெண் இருந்தாள். ஒல்லி, என் வயசு இருக்கும், கட்டைவிரலில் ஒரு தழும்பு. எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கண்டைக் கீழே விட்டுவிட்டாள். வேலைக்குப் புதுசு போல. கனிஷ்கா என் பக்கம் திரும்பி, “ரொம்பத் தாகமா இருக்கு, தண்ணி வாங்கிட்டு வர்றீங்களா?” என்றாள். பையில் ஒரு பாட்டில் தண்ணீர் முக்கால்வாசி இருந்தது.

போனேன், ஆனால் சந்து முக்கில் நின்று பார்த்தேன். கவர் கடைப் பையன் இடத்தை விட்டு நகரவில்லை. கனிஷ்கா கடைக்குள்ளேயேதான் இருந்தாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். நான் திரும்பி வந்தபோது கனிஷ்காவின் கண் சிவந்திருந்தது. நூல் தூசி என்றாள். மஞ்சள் நூலுக்குக் காசு கொடுத்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் மீதியைத் தந்தாள்.

பஸ்ஸில் வழி நெடுகக் கனிஷ்கா பின்னிக்கொண்டே வந்தாள். முதல் தடவை சிரித்ததைப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மே 11, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். பெண் பிள்ளை விஷயம், நாளைக்கு ஏதாவது ஆனால் நானல்லவா பதில் சொல்ல வேண்டும்? கவர் கடைப் பையனைச் சொன்னேன். தண்ணீர் வாங்க அனுப்பியதைச் சொன்னேன். கண் சிவந்ததைச் சொன்னேன்.

பையனைப் பற்றி இவர் ஒன்றும் கேட்கவில்லை. “நூல் கடையில யாரு இருந்தா?” என்றார்.

“ஒரு பொம்பள.”

“எப்படி இருந்தா?”

“ஒல்லியா. கட்டைவிரல்ல தழும்பு.”

தட்டில் இன்னும் ஒரு தோசை இருந்தது. கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பையனைப் பற்றிச் சொன்னால் பொம்பளையைப் பற்றி ஏன் கேட்கிறார்?

மே 12, திங்கள்

இவர் இன்று கம்பெனிக்குப் போகவில்லை. அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்கு வியாபாரப் பார்ட்டி ஒன்றைப் பார்க்கப் போனார். சாயங்காலம் வந்தார். சட்டையில் மேல் பட்டன் இல்லை. கனிஷ்காவின் டேப்லெட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார். ஜூன் முதல் தேதி நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்கிறாராம். அங்கே போன் கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு.

கனிஷ்கா அழவில்லை. அடுக்களையில் என் பின்னால் வந்து நின்றாள். “சொல்லிட்டீங்கல்ல?”

“உன் நல்லதுக்குத்தான். யாரு அந்தப் பையன்?”

“எந்தப் பையன்?”

“கவர் கடையில.”

என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாக மாறி, அப்படியே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தொடப்போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

மே 14, புதன்

இந்த டைரியை இனி அரிசி டின்னுக்குள் வைக்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை.

மே 19, திங்கள்

ஜோதிமணி அக்கா வாசலில் நின்று இவரிடமே கேட்டார்: “தம்பி, பாசி வாங்கக் கோயமுத்தூர் போகோணும். நாளைக்கு வல்லியத் தொணைக்குக் கூட்டிட்டுப் போறேனுங்.” தெருவில் நாலு பேர் இருந்தார்கள். இவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

நான் அக்காவிடம் எதையும் கேட்கவில்லை. அவராகத்தான் செய்தார்.

மே 20, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பஸ்ஸில் அக்கா மெதுவாகச் சொன்னார்: “தம்பி என்கிட்ட தெனமும் கேக்கறாரு, நீ எங்க போன, யாருகூடப் பேசுனன்னு. மொதல்ல அக்கறைன்னுதான் நெனச்சேன். பூங்கொடி இருந்தப்பவும் இதேதான் கேட்டாரு. அப்பவே நான் புரிஞ்சிருக்கோணும்.” உக்கடத்தில் இறங்கியதும், “நீ போயிட்டு வா. நான் பாசி வாங்கிட்டு இங்கயே நிக்கறேன்” என்றார்.

நூல் கடையில் அந்தப் பெண் இல்லை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். “அந்தம்மாவ நிறுத்தியாச்சுங்க. போன வாரம் ஒருத்தர் வந்து பெரிய ரகளை. நான் தடுக்கப்போய்க் கைகலப்பே ஆயிருச்சு. எனக்கு யாவாரம் நடக்கோணுமில்லீங்க.”

“அவங்க பேரு?”

“பூங்கொடிங்க. எங்க வீடியோவுல பின்னறதெல்லாம் அவங்க கைதான்.”

பெங்களூர் இல்லை. நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

கடைக்காரர் சொன்ன விலாசத்துக்குப் போனேன். செல்வபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேல் ஒற்றை அறை. கதவைச் சங்கிலி போட்டுத்தான் திறந்தாள்.

“அவரு அனுப்புனாருங்களா?”

“இல்லை.”

“போன தடவையும் நீங்கதான வந்தீங்க. ரெண்டாம் நாளு அவரு வந்து நின்னாரு.”

“நான்தான் சொன்னேன். யாருன்னு தெரியாமச் சொல்லிட்டேன்” என்றேன். அவள் சங்கிலியை எடுத்தாள்.

“நான் யாருகூடவும் போகலீங்க. எங்கப்பாவுக்கு முடியலன்னு போன் வந்துச்சு, அவருகிட்டச் சொல்லாமப் போனேன். திரும்பி வந்தா கேட்டு பூட்டியிருக்குது. உள்ள கனிஷ்கா அழுகற சத்தம் கேக்குது. அன்னைக்கு முழுக்க வாசல்ல நின்னேன்.” கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளையைப் பார்க்கலாம் என்று உத்தரவும் வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்குக் காய்ச்சல், பரீட்சை, ஊரில் இல்லை. பிறகு, அம்மாவைப் பார்க்க அவளுக்கே இஷ்டமில்லை என்று இவர் சொல்லிவிட்டாராம். “அதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்குக் கோர்ட்டுக்கு நடக்கவே தெம்பு இல்லாமப் போச்சுங்க.”

கிளம்பும்போது கேட்டாள்: “உங்களுக்குப் பரவாயில்லீங்களா? அங்க?”

நன்றாக இருக்கிறேன் என்றேன்.

மே 21, புதன்

கனிஷ்காவிடம் மெல்ல, “உன் அம்மாவைப் பாத்துட்டு வந்தேன்” என்றேன். நம்பவில்லை. அப்பா சொல்லிக் கொடுத்து ஆழம் பார்க்கிறேன் என்று நினைத்தாள். கட்டைவிரல் தழும்பு தேங்காய் உடைக்கும்போது வெட்டியது என்று பூங்கொடி சொல்லியிருந்தாள், அதைச் சொன்னேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

லீவுக்கு முன்னாலேயே குரோஷா பாடம் தேடியபோது தற்செயலாக அந்த வீடியோ வந்திருக்கிறது. “குரல் கேட்டதும் நிறுத்திட்டு மறுபடி மொதல்ல இருந்து போட்டேன். அப்புறம் கையப் பாத்தேன்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“நீங்க அப்பாகிட்டச் சொல்லுவீங்கன்னு தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் என்னைக் கூப்பிட்டே?”

“என்னையத் தனியா பஸ் ஏத்த மாட்டாரு. பெரியவங்க யாராச்சும் வேணும்.”

என் சந்தேகம் சரிதான். வெங்காயம் பாசத்தில் உரிக்கப்பட்டதில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

மே 28, புதன்

நாமக்கல்லுக்கு டிரங்குப் பெட்டி வாங்கி வந்துவிட்டார். பெயர் எழுதச் சொன்னார். எழுதினேன்.

மே 31, சனி

காலையில் டிபன் முடிந்ததும் சொன்னேன்: “கனிஷ்கா நாளைக்கு நாமக்கல் போகலை. இன்னைக்கு அவ அம்மாவைப் பாக்கப் போறா. கோர்ட்டே அனுமதிச்சதுதான். நான் கூட்டிட்டுப் போறேன்.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேப்பரை மடித்து வைத்தார். “உன்னைய எதுக்குக் கட்டிக்கிட்டு வந்தேன்னு தெரியுமா?”

“தெரியும். அவளைக் காவல் காக்க.”

“தெரிஞ்சா சரி. உள்ள போ.”

எழுந்து போய் கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். கனிஷ்கா செருப்புப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று, “ஜோதிமணி அக்கா!” என்று கூப்பிட்டேன். அத்தனை சத்தமாக இந்த வீட்டில் நான் பேசியதே இல்லை.

அக்கா வந்தார். ஆரி வகுப்புக்கு வந்த பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்றார்கள். எதிர்வீட்டு மாடியிலும் ஆள் வந்துவிட்டது.

“தம்பி, கேட்டத் தொறங்க” என்றார் அக்கா. “போன தடவை பூங்கொடி வாசல்ல நின்னப்ப நாங்க எல்லாரும் சன்னலச் சாத்திக்கிட்டோம். இந்தத் தடவை சாத்தறதா இல்லீங்.”

இவர் தெருவைப் பார்த்தார். நான் பார்த்த வரையில் இவர் பயப்படுவது தெரு ஒன்றுக்குத்தான். கேட்டைத் திறந்தார். நான் தாண்டும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “போறவ திரும்பி வரக்கூடாது” என்றார்.

பஸ்ஸில் கனிஷ்காவும் நானும் ஒரே சீட். உக்கடம் வரும் வரை அவள் என் முந்தானையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செல்வபுரத்தில் மாடிப்படி ஏறியதும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. கனிஷ்கா வாசலிலேயே நின்று, “உன்னையப் பாக்க இஷ்டமில்லைன்னு நான் சொல்லவே இல்லம்மா” என்றாள். பூங்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் கீழே இறங்கி வந்து தையல் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 2, திங்கள்

இரண்டு ராத்திரியும் பூங்கொடியின் அறையில்தான் தங்கினோம். இன்று கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி. கண்ணாடி போட்ட ஒரு வக்கீலம்மா. முன்பே இருந்த உத்தரவைப் படித்துவிட்டு, கனிஷ்காவிடம் அவளுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று தனியாகக் கேட்டார். பூங்கொடிக்கு மனு எழுதினார். நாமக்கல் பேச்சு இனி எடுபடாது, பிள்ளை சொல்வதைக் கோர்ட் கேட்கும் என்றார். பூங்கொடி கையெழுத்துப் போட்டாள்.

“நீங்க குழந்தைக்கு என்ன முறை?” என்று என்னைக் கேட்டார்.

சித்தி என்று சொல்ல வாய் வரவில்லை. கனிஷ்காவே சொன்னாள்: “என்னையக் கூட்டிட்டு வந்தவங்க, மேடம்.”

“சரி. உங்களுக்கு ஏதாவது எழுதணுமாம்மா?”

“எனக்கு ஒண்ணும் இல்லை, மேடம். அவர் என்னை நல்லாத்தான் வச்சிருந்தார். ஊருக்குப் போயிருதேன்.”

வக்கீலம்மா தலையாட்டி, பேனாவை மூடினார். அப்போது கனிஷ்கா சொன்னாள்:

“இல்லீங்க மேடம். இவங்களுக்கும் எழுதுங்க. என்ற ரூமு பக்கத்து ரூமுதான். ராத்திரியில எல்லாம் எனக்குக் கேக்கும்.”

பூங்கொடி தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வக்கீலம்மா புதுத் தாள் எடுத்தார். “பேரு சொல்லுங்க.”

“செண்பகவல்லி.”

“மொதல்ல இருந்து சொல்லுங்க. அவசரம் இல்ல.”

கல்யாணமான மூன்றாம் நாள் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த டைரியில்கூட எழுதியதில்லை. சொன்னேன்.